பிரிண்டருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தவள்

அலுவலகத்தில் அவளுக்கு உடும்பு என்று பெயர். அவளுக்கு அது தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாள் காலை அவளே வந்து, யாருக்கு என்ன வேலை என்று எழுதும் வெள்ளைப் பலகையில் தன் பெயரை அழித்துவிட்டுக் கொட்டை எழுத்தில் ‘உடும்பு’ என்று எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அதோடு கேலி செத்தது. கேலிக்கு ஆளானவளே அதை எடுத்து மாட்டிக்கொண்டால் அப்புறம் அதில் என்ன ருசி இருக்கிறது, சொல்லுங்கள்.

பெயர் என்னவோ பொருத்தமான பெயர்தான். கணக்குப் படித்தவள். கல்யாணம், குழந்தை என்று சில வருடம் வீட்டோடு இருந்துவிட்டு, “இனிமே உனக்கு யார் வேலை கொடுப்பா?” என்று சொந்தக்காரர்கள் வாய்விட்டுக் கேட்ட வயதில், தானாகப் படித்துப் புரோகிராம் எழுதக் கற்று வேலைக்கு வந்தவள். எத்தனையோ நேர்முகத் தேர்வில் வாசலோடு அனுப்பினார்கள். அடுத்த வாரம் அடுத்த வாசலில் நின்றாள். அந்த ரகம்.

அவள் செய்யும் வேலை என்ன என்று பஸ் டிப்போவில் கேட்டால் அவள் கணவர் ஒரு பதில் வைத்திருந்தார். அவர் பஸ் ஓட்டுகிறவர். “சொல்லாததையும் புரிஞ்சுக்கிற மாதிரி கம்ப்யூட்டரை மாத்துறா. வீட்ல இவ்வளவு வருஷமா முயற்சி பண்ணியும் எனக்கே அது வரல. கம்ப்யூட்டராவது தேறுதான்னு பார்ப்போம்” என்பார்.

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். அவள் கம்பெனி ஒரு தரவுத்தளம் தயாரித்தது. அதில் தகவல் எல்லாம் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் இருக்கும். நோயாளி ஒரு புள்ளி, மருந்து ஒரு புள்ளி, இவருக்கு இந்த மருந்து கொடுத்தார்கள் என்பது நடுவில் ஒரு கோடு. கேள்வி கேட்டால் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பதில் எடுத்துவருவது கேள்வி எஞ்சின். கெட்டிக்கார எஞ்சின்தான், ஆனால் எழுதி வைத்ததை மட்டும்தான் சொல்லும். அம்மாவின் தம்பி மாமா என்று எந்தக் குழந்தைக்காவது எழுதிக் கொடுக்கிறோமா? இவள் அம்மா, இவன் அம்மாவுக்குத் தம்பி என்று இரண்டு கோடு தெரிந்தால் மூன்றாவது கோட்டைக் குழந்தை தானே போட்டுக்கொண்டு, மாமா மடியில் ஏறி உட்கார்ந்து சாக்லேட் கேட்கிறது. அந்த மூன்றாவது கோட்டை எஞ்சினும் தானே போட வேண்டும். அதற்கான விதிகள் எஞ்சினுக்குள் ஓடும்படி செய்வதுதான் உடும்பின் வேலை.

இந்த வேலையை அவள் ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டாள் என்பதற்குக் காரணம் அவளுடைய அக்கா.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் மூன்றாம் வார்டு நர்ஸ். பல வருடச் சர்வீஸ், ராசியான கை என்று நோயாளிகள் கேட்டு வாங்கும் கை. அந்தக் கையால்தான் ஒரு தையல்காரருக்கு ஊசி போட்டாள். அவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. அவரே சொல்லியிருந்தார், கம்ப்யூட்டரிலும் ஏறியிருந்தது. வந்த மருந்தின் மேல் பென்சிலின் என்று எழுதியிருக்கவில்லை, வேறு ஏதோ வியாபாரப் பெயர். உள்ளே இருந்தது அதே குடும்பத்து மருந்து. கம்ப்யூட்டர் இரண்டு பெயரையும் பார்த்து, வேறு வேறு பெயர்தானே என்று பேசாமல் இருந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மனிதருக்கு முகம் வீங்கித் தொண்டை அடைத்து, தீவிர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துவிட்டார். விசாரணையில் அக்கா மேல் தவறில்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

சொல்லி என்ன? அதன்பிறகு ஊசியை எடுத்தால் அக்காவின் கை தயங்கியது. ஒவ்வொரு மருந்துக்கும் உள்ளே என்ன என்று தேடித் தேடிப் பார்த்து, வேலை தாமதமாகி, பேச்சு வாங்கினாள். கடைசியில் வார்டே வேண்டாம், பதிவுக் கவுண்டருக்கு மாற்றுங்கள் என்று கேட்டுவிட்டாள். அந்த நேரத்தில்தான் அதே மருத்துவமனை உடும்பின் கம்பெனியிடம் புது மருந்து எச்சரிக்கை அமைப்பு கேட்டது.

“புது கம்ப்யூட்டர் வருதாமே. அதுவும் பேரை மட்டும்தான் பார்க்குமா?” என்று கேட்டாள் அக்கா.

“இல்லக்கா. குடும்பத்தையும் பார்க்கும். நான் பார்க்க வைக்கிறேன்.”

“பார்த்துச்சுன்னா நான் வார்டுலயே இருக்கேன். இல்லேன்னா கவுண்டர்தான். இன்னொரு தடவை அந்த மாதிரி ஒரு முகத்தை என்னால பார்க்க முடியாதுடி.”

அவ்வளவுதான். உடும்பு பிடித்துவிட்டது.

அலுவலகத்தில் அவளுக்கு மேலே இருந்தவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, சரிசரி. வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் “சரி சரி” என்பார். போனை வைத்தபிறகுதான் கேட்டது என்னவென்று யோசிப்பார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். அவருக்கு இந்த விதி சமாச்சாரமே பிடிக்கவில்லை.

“எதுக்குங்க இந்தத் தலைவலி? மூணாவது கோட்டையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டு எழுதி வச்சிட்டாப் போச்சு. கேட்கும்போது யோசிச்சா லேட் ஆகும்.”

“எழுதி வச்சா, முதல் கோடு தப்புன்னு நாளைக்கு அழிப்பாங்க சார். அதை நம்பி நாம எழுதின கோடு அழியாம அப்படியே நிக்கும். கேட்கிறப்போ கணக்குப் போடுறதுதான் சரி.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அவர் முணுமுணுத்தார். உடும்பு காதில் வாங்கவில்லை. முதல் முறை ஓட்டியபோது எஞ்சின் போனது போனதுதான், திரும்பி வரவே இல்லை. மருத்துவமனை கொடுத்த மருந்து அகராதியில் இது அதில் ஒரு வகை என்றும் அது இதில் ஒரு வகை என்றும் இரண்டு பக்கமும் எழுதி வைத்திருந்தார்கள், எஞ்சின் செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. போன இடத்துக்கே மறுபடி போகாதே என்று அதற்கு அடையாளம் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். இன்னொன்றும் செய்தாள். ஒவ்வொரு முடிவுக்கும் எந்த வழியாக வந்து சேர்ந்தாய் என்று கேட்டால் எஞ்சின் சொல்ல வேண்டும். இது யாரும் கேட்காத வசதி. தன் பிழையைத் தானே கண்டுபிடித்துக்கொள்ள அவள் வைத்துக்கொண்டது.

செயல்விளக்கத்துக்கு மருத்துவமனையிலிருந்து தலைமை மருந்தாளர் வந்தார். சுருக்கமில்லாத சேலை, சிரிக்காத முகம், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பார்வை. மருந்து அகராதியையும் அதிலிருக்கும் விதிகளையும் சொந்தமாக எழுதியவர் அவர்தான். அவர் முன்னால் ஒரு பென்சிலின் ஒவ்வாத நோயாளிக்கு வேறு பெயர் கொண்ட மாத்திரை ஒன்றை எழுதிக் காட்டினாள் உடும்பு. திரை சட்டென்று சிவந்தது. கொடுக்காதே! சரிசரி கைதட்டியே விட்டார். தலைமை மருந்தாளர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலே பெரிது என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அடுத்த மாதத்திலிருந்து மூன்றாம் வார்டில் வெள்ளோட்டம் என்று முடிவானது.

மறுநாள் எல்லோரும் இனிப்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உடும்பு மட்டும் உட்கார்ந்து, தன் வேலையைத் தானே உடைக்கப் பார்த்தாள். ஜெயித்த மறுநாள்தான் சந்தேகம் வர வேண்டும் என்பது அவள் கட்சி. வெள்ளோட்டத்துக்காக மூன்றாம் வார்டின் உண்மையான பழைய தரவுகளை மருத்துவமனை அனுப்பியிருந்தது. அவற்றை ஏற்றி அதே பென்சிலின் கேள்வியைக் கேட்டாள்.

திரை சிவக்கவில்லை. மறுபடி கேட்டாள். ஊஹூம். வேறு நோயாளி, வேறு மருந்து. ஊமைக் கோட்டானாக உட்கார்ந்திருந்தது எஞ்சின்.

எந்த வழியாக வந்தாய் என்று கேட்டாள். எஞ்சின் மரியாதையாகப் பதில் சொன்னது: ஒவ்வாமை உண்டு. ஆனால் தெரிந்தே கொடுக்கலாம் என்று மருத்துவர் ஒருவர் உறுதி செய்திருக்கிறார், ஆகவே எச்சரிக்கை தேவையில்லை.

யார் அந்த மருத்துவர்?

மூன்றாம் வார்டு லேபிள் பிரிண்டர்.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, “எந்த காலேஜ்ல படிச்சதாம்?” என்று கேட்க, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

நடந்தது இதுதான். தலைமை மருந்தாளரின் அகராதியில் ‘மருந்துக்கு உத்தரவு தருபவர் மருத்துவர்’ என்று ஒரு விதி இருந்தது. அவர் அதை ஒரு தடையாக எழுதினார்: மருத்துவரைத் தவிர வேறு யாரும் உத்தரவு தரக் கூடாது. மனிதர்கள் அப்படித்தான் படிப்பார்கள். ஆனால் இந்த மாதிரி விதியை எஞ்சின் அப்படிப் படிக்காது. அப்படிப் படிக்காதபடி எழுதியவள் உடும்புதான், இந்தத் தொழிலின் இலக்கணமே அதுதான். உத்தரவு தந்தது யாரோ அவர் மருத்துவர், முடிந்தது கதை. பழைய தரவில் உத்தரவும் உறுதியும் தந்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அவை எந்த இயந்திரம் வழியாக வந்தனவோ அந்தப் பிரிண்டரின் பெயர் இருந்தது. பிரிண்டர் டாக்டர் ஆனது. டாக்டரே உறுதி செய்துவிட்டார் என்று எல்லா எச்சரிக்கையும் வாயை மூடிக்கொண்டது. வேலியே பயிரை மேய்ந்தது. செயல்விளக்கத்துக்கு அவள் தயாரித்த தரவில் பிரிண்டர் கிடையாது, அதனால் அன்று எல்லாம் அழகாக நடந்தது.

சரிசரியிடம் போய்ச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது.

“அந்த ஒரு விதியை எடுத்துட்டா?”

“எடுத்துப் பார்த்தேன் சார். எடுத்த நிமிஷமே பிரிண்டர் பிரிண்டராயிடுச்சு.”

“அப்புறம் என்ன? சத்தமில்லாம எடுத்துடுங்க. அந்தம்மாகிட்ட போய் நீங்க எழுதின விதி தப்புன்னு சொல்லப்போறீங்களா? மொத்தமா நிறுத்துங்கன்னுடுவாங்க. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க!”

“அகராதி முழுக்க இந்த மாதிரி விதி இருக்கு சார். எது தடை, எது முடிவுன்னு எழுதினவங்களுக்குத்தான் தெரியும். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சொல்லாம இருந்தா இன்னொரு பிரிண்டர் எங்க டாக்டராகி உட்கார்ந்திருக்கோ யாருக்குத் தெரியும்?”

அன்று மாலை நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“சொன்னா நிறுத்திடுவாங்க இல்ல?”

“நிறுத்தலாம்.”

“சொல்லலேன்னா?”

“ஓடும். ஆனா கத்த வேண்டிய நேரத்துல கத்தாது.”

அக்கா மடித்த துணியை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். “நானும் அன்னிக்கு கத்தலையே” என்றாள். உடும்பு அக்காவைக் கட்டிக்கொண்டாள். அப்புறம், “நாளைக்குச் சொல்லிடுறேன்” என்றாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது, “சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கப்போற. சரி, வைக்கிறதுதான் வைக்கிற, சாப்பிட்டுட்டுப் போய் வை” என்றார். அவர் ஆதரவு தரும் முறை அது.

மருத்துவமனை மருந்துக் கிடங்கின் பின்னால் தலைமை மருந்தாளரின் அறை. பெரிய பெரிய குளிர்ப்பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. சரிசரியும் கூட வந்தார், வந்து கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்துகொண்டார். உடும்பு மென்று முழுங்காமல் முழுதும் சொல்லி, பிரிண்டரைத் திரையிலேயே காட்டினாள்.

“நான் எழுதின விதி தப்புன்னு சொல்றீங்களா?”

“விதி சரிதாங்க. அதை என் எஞ்சின் எடுத்துக்கிட்ட விதம் வேற. நீங்க ‘கூடாது’ன்னு எழுதினீங்க. அது ‘அப்படின்னா அவர் டாக்டர்தான்’னு படிச்சிடுச்சு. ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டுன்னு நான் முன்னாடியே உங்ககிட்ட வந்து கேட்டிருக்கணும்.”

“அப்படின்னா இந்த யோசிக்கிற வேலையே வேண்டாம். நிறுத்திடுங்க. பழையபடி பேரை மட்டும் பார்க்கட்டும்.”

சரிசரி வாயைத் திறந்தார். எந்த வார்த்தை வரப்போகிறது என்பது உடும்புக்குத் தெரியும். அது வெளியே வருவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“பேரை மட்டும் பார்த்துதாங்க ஒரு தையல்காரருக்குத் தொண்டை அடைச்சுது. ஊசி போட்டவங்க என் அக்கா. நிறுத்தாதீங்க. வெள்ளோட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கு. ஒவ்வொரு விதியா நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து படிப்போம். தடைன்னா தடைன்னு தனியா வைக்கிறேன். பிரிண்டர் உத்தரவு கொடுத்தா பட்டம் கொடுக்காது, தப்புன்னு கத்தும். அதுக்கப்புறமும் உங்களுக்கு நம்பிக்கை வரலேன்னா நானே என் கையால நிறுத்திடுறேன்.”

குளிர்ப்பெட்டிகள் உறுமின. தலைமை மருந்தாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எதுக்குச் சிவக்குதுன்னு நர்ஸ் கேட்டா அது பதில் சொல்லணும்.”

“சொல்லும்.”

“அந்தப் பதில் எங்களுக்குப் புரியணும். உங்களுக்குப் புரிஞ்சா போதாது.”

“புரிய வைக்கிறேன்.”

அதன்பிறகு உடும்பு அந்த அறையிலேயே குடியிருந்தாள். ஒரு விதியைப் படிப்பாள், “இது தடையா, முடிவா?” என்று கேட்பாள். ‘அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பம்’ என்பது முடிவு, இருக்கட்டும். ‘வார்டு அறையில் இருப்பவர் நோயாளி’ என்று ஒன்று வந்தது. அதை எஞ்சினிடம் அப்படியே விட்டிருந்தால் பார்க்க வந்தவர்கள், தரை துடைக்கிறவர், ஏன் தலைமை மருந்தாளருமே நோயாளிதான். “என்னையும் அட்மிட் பண்ணியிருக்குமா?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் சிரித்தார். பார்த்தவர்கள் வெளியே போய்ச் சொல்லியும் யாரும் நம்பவில்லை.

எல்லாம் சுலபமாக முடிந்துவிடவில்லை. தடைகளையும் சரிபார்த்து வந்த வழியையும் நினைவில் வைத்ததில் எஞ்சின் ஆமையாக நகர்ந்தது. ஊசியும் கையுமாக நிற்கிற நர்ஸ் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பாள்? “சொன்னேனே!” என்றார் சரிசரி. உடும்பு மறுபடி மேஜைக்குத் திரும்பினாள். எல்லாக் கோட்டிலும் போய் அலையாமல், இந்த நோயாளியின் ஒவ்வாமையிலிருந்தும் இந்த மாத்திரையிலிருந்தும் இரண்டு பக்கமும் கிளம்பி நடுவில் சந்திக்கும்படி கேள்வியையே மாற்றி எழுதினாள். வரவில்லை. மறுபடி எழுதினாள். தப்பாக வந்தது. மறுபடி எழுதினாள். ராத்திரி வீட்டில் மகள் எட்டிப் பார்த்து, “அம்மா, இன்னுமா அதே தப்பு?” என்று கேட்டதற்கு, “இல்ல, இது வேற தப்பு. முன்னேற்றம்தான்” என்றாள். ஒரு வழியாக, பொத்தானை அழுத்திக் கையை எடுப்பதற்குள் பதில் வந்து நின்றது. தலைமை மருந்தாளர் தானே அழுத்தி அழுத்திப் பார்த்தார். வேண்டுமென்றே ஏமாற்றியும் பார்த்தார். கடைசியில், “ஓடட்டும்” என்றார்.

வெள்ளோட்டம் தொடங்கியது. முதல் சில நாள் சில்லறை எச்சரிக்கைகள் வந்தன, போயின. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, உடும்பும் கேட்கவில்லை. கேட்கப் பயம் என்பதுதான் உண்மை.

ஒரு நாள் மதியம் அக்காவே கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

“என்னக்கா? என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலடி.”

“அக்கா, பயமுறுத்தாத. சொல்லு.”

“ஒரு பெரியவர். கால்ல புண்ணு. டியூட்டி டாக்டர் மாத்திரை எழுதினார், ஏதோ புதுப் பேரு, நான் கேள்விப்பட்டதே இல்ல. அதைப் போட்டதும் சிவந்துடுச்சு. டாக்டர் நம்பல, மெஷின் தப்பா சொல்லும்னார். நான் ‘ஏன்’னு அழுத்தினேன். மூணு வரி வந்துச்சு. இந்த மாத்திரைக்குள்ள அமாக்சிசிலின் இருக்கு. அது பென்சிலின் குடும்பம். இவருக்குப் பென்சிலின் ஆகாது. டாக்டர் படிச்சார். ‘அடக் கடவுளே’ன்னு சொல்லிட்டு வேற மருந்து எழுதினார்.”

“இப்ப அவர்...?”

“எழுந்து உட்கார்ந்திருக்கார். டீ ஆறிப்போச்சுன்னு என்கிட்ட சண்டை போடுறார். வார்டே கேட்கிற மாதிரி கத்துறார்டி, அவ்வளவு நல்லா இருக்கு தொண்டை. என்ன ஆகியிருக்கும்னு அவருக்குத் தெரியவே தெரியாது.” அக்கா சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது. “ஒண்ணுமே ஆகலடி. நான் கவுண்டருக்குப் போகல. சூடா ஒரு டீ போட்டு வாங்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன், வைக்கிறேன்.”

போனைக் கீழே வைத்ததும் உடும்பு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, சத்தமாகவே அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் அழுது அந்த அலுவலகம் பார்த்ததில்லை. பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் எடுக்க ஓடினார். சரிசரி தன் அறையிலிருந்து பதறிப்போய் வந்து நின்றார்.

“ஆஸ்பத்திரியில இருந்தா? என்னங்க ஆச்சு?”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒண்ணும் ஆகல சார்” என்றாள்.